மரத்தின் கால் நனையக் கூடாது

கத்திரி வெயில் நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு அயப்பாக்கத்திலோ திருமுல்லைவாயலிலோ ஒரு பூங்காவைக் கடந்து போனால், சறுக்குமரம் ஆளில்லாமல் நிற்கும். பிள்ளைகள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று நினைப்போம். ஆனால் அதே நேரத்தில் அடுத்த தெருவின் காலி மனையில் கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். வெயிலைப் பொறுத்துக்கொள்கிற பிள்ளைக்கு இரும்பைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இதில் ஒரு நல்ல இயற்பியல் இருக்கிறது. வெயிலில் கிடக்கும் இரும்புத் தகடு 60 டிகிரி செல்சியஸை எளிதில் எட்டும். பக்கத்தில் கிடக்கும் மரப்பலகையின் மேற்பரப்பும் ஏறக்குறைய அதே சூட்டுக்கு வரும். கருவி வைத்து அளந்தால் பெரிய வேறுபாடு தெரியாது. கையை வைத்தால் தெரியும். இரண்டு பொருள்கள் தொடும்போது, தொடும் இடத்தின் வெப்பநிலை இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் வந்து நிற்கும். எது வெப்பத்தை வேகமாகத் தள்ளுகிறதோ அதன் பக்கம் சாயும். வெப்பத்தைக் கடத்தும் திறன், அடர்த்தி, வெப்பத்தைத் தேக்கும் திறன் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரும்பின் தள்ளும் வலு நம் தோலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தேக்கின் வலுவோ தோலில் மூன்றில் ஒரு பங்குதான். மரம் என்பது காற்று அடைபட்ட நுண்குழாய்களின் கட்டு என்பதால் அதனால் வெப்பத்தை விரைவாகக் கைமாற்ற முடிவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 34 டிகிரியில் இருக்கும் உள்ளங்கை 60 டிகிரி இரும்பைத் தொட்டால், தொட்ட இடம் ஏறக்குறைய 58 டிகிரிக்குப் போகும். அதே சூட்டில் பிளாஸ்டிக் என்றால் 45. தேக்குப் பலகை என்றால் 41. நம் தோலில் சூட்டை வலியாக அறிவிக்கும் ஏற்பி ஒன்று 43 டிகிரியை ஒட்டித்தான் விழித்துக்கொள்கிறது. மிளகாயின் காரத்தை உணர்வதும் அதே ஏற்பிதான்; அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தேக்கு அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, பிளாஸ்டிக் அந்தப் பக்கம். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற விளையாட்டுத் திடல் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே முதல் பதில்.

அப்படியானால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பூங்காக்களில் மரம் ஏன் இல்லை? இந்தப் பக்கத்தில் இடம் இல்லாமல் இல்லை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள், சாலை போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொது வெளியாக ஒதுக்கித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லோரும் சொல்கிற அந்தத் துண்டுகள்தான் புறநகரின் பூங்காக்களாக மாறுகின்றன. சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, நடுவில் இரும்புக் குழாய் ஊஞ்சல், பச்சையும் மஞ்சளுமாய் ஒரு ஃபைபர் சறுக்குமரம் என்று எல்லாம் ஒரே அச்சு. மரத்தில் செய்யலாமே என்று கேட்டால் வரும் பதில்: மழை, கரையான், நம் ஊரில் மரம் நிற்காது.

நிற்கும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலில் கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. தொண்டைமான் என்னும் மன்னன் குறும்பர்களை வென்று கொண்டுவந்தவை என்பது தலவரலாறு. எருக்கு ஒரு புதர்ச்செடி. தச்சர் யாரும் அதைத் தூணுக்கு என்று கேட்க மாட்டார். அப்படிப்பட்ட மரமே தலைமுறைகள் தாண்டி நிற்க முடியும் என்றால், காரணம் அது நிற்கும் இடம். கூரை இருக்கிறது, கல் தளம் இருக்கிறது, கால் நனைவதில்லை.

மரத்தை உளுக்க வைப்பது காலம் அல்ல, பூஞ்சை. அது வேலையைத் தொடங்க மரத்தின் ஈரம் ஏறக்குறைய முப்பது சதவீதத்தைத் தொட வேண்டும். இருபதுக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. கூடவே காற்றும் வேண்டும், வெதுவெதுப்பும் வேண்டும். நட்ட கம்பத்தில் இந்த மூன்றும் ஒன்றுகூடும் இடம் ஒன்றே ஒன்று: மண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும். ஆழத்தில் காற்றுப் போதாது. மேலே வெயில் உலர்த்திவிடும். பழைய வேலிக்கால் எதைப் பிடுங்கிப் பார்த்தாலும் அடியும் தலையும் உறுதியாக இருக்க, நடுவில் அந்த ஒரு சாண் மட்டும் பஞ்சாகியிருக்கும். சென்னைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டையையே நீரில் நிறுத்தியது. இங்கே மண்ணில் நேராக நட்ட மரக்கம்பம் தோற்பது உறுதி.

வழி எளிது. கான்கிரீட் அடித்தளத்திலிருந்து ஒரு சாண் உயரும் துத்தநாகம் பூசிய இரும்புக் காலணியில் மரத்தை நிறுத்த வேண்டும். தூணின் உச்சியைச் சரிவாகச் சீவ வேண்டும். பலகைகளுக்கு நடுவே நீர் வடிய இடைவெளி விட வேண்டும். கரையானையும் இதே ஏற்பாடு ஓரளவு கட்டுப்படுத்தும். திறந்த காற்றில் உலர்ந்து செத்துவிடும் என்பதால் கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். மரம் மண்ணுக்குள் இருந்தால் அந்தப் பயணம் நம் கண்ணுக்குத் தெரியாது. இரும்புக் காலில் ஏறினால் செம்மண் கோடு பளிச்சென்று தெரியும்; துடைப்பக்கட்டையால் தட்டிவிடலாம்.

நீரைத் தள்ளி வைப்பதற்குப் பதிலாக மரத்துக்கே நஞ்சூட்டும் வழியும் உண்டு. உலகெங்கும் பரவிய அந்த முறை ஓர் இந்தியருடையது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோண்டி காமேசன் 1933இல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு கலவையை உருவாக்கினார். தாமிரம் பூஞ்சையைக் கொல்லும், ஆர்செனிக் பூச்சிகளைக் கொல்லும். இரண்டும் மழையில் கரைந்து போகாமல் குரோமியம் அவற்றை மரநாரோடு பிணைத்துவிடும். அந்தப் பிணைப்புதான் அவருடைய மேதைமை. அதற்கு முன்பும் நஞ்சுகள் இருந்தன. மழையைத் தாங்கி நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தந்திக் கம்பங்களையும் மின்கம்பங்களையும் பல பத்தாண்டுகள் காப்பாற்றி, எண்ணற்ற மரங்கள் வெட்டப்படாமல் தடுத்த கண்டுபிடிப்பு இது. பென்சிலினைக் கொண்டாடுகிற நம் பாடநூல்களில் காமேசனுக்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த மரம் வீட்டு முற்றங்களுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக் கூடங்களுக்கும் போனபோதுதான் சிக்கல் வந்தது. பிணைப்பு முழுமையானது அல்ல. மேற்பரப்பிலிருந்து சிறிதளவு ஆர்செனிக் கையில் ஒட்டுகிறது, அடியில் உள்ள மண்ணிலும் இறங்குகிறது. மின்கம்பத்தை யாரும் நக்குவதில்லை. இரண்டு வயதுக் குழந்தையோ தொட்ட கையை வாயில் வைக்கும். 2003 இறுதியோடு அங்கே வீட்டு உபயோகத்துக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் இந்த மரம் செய்வது நிறுத்தப்பட்டது.

நமக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. பழைய மின்கம்பம் மலிவாகக் கிடைக்கிறது, ரயில்வே ஸ்லீப்பர் கட்டை ஏலத்தில் வருகிறது என்று ஆசைப்பட்டுத் திடலுக்குள் கொண்டுவரக் கூடாது. கம்பத்தில் ஆர்செனிக் இருக்கலாம், ஸ்லீப்பரில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். தொழிற்பேட்டைப் பக்கம் குவிந்து கிடக்கும் பேலட் கட்டைகளைப் பயன்படுத்தலாம், ஆனால் முத்திரையைப் படித்துவிட்டு. ஏற்றுமதி பேலட்டுகளில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தின் பக்கத்தில் இரண்டு ரோமன் எழுத்துகள் சுட்டிருக்கும். ‘எச்.டி.’ என்றால் உட்பகுதி வரை 56 டிகிரியில் முப்பது நிமிடம் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, நல்லது. ‘எம்.பி.’ என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொட வேண்டாம். முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை படிந்ததையும் ஒதுக்கிவிட வேண்டும்.

நஞ்சில்லாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் மரம் எது? மரத்தின் வெளிப்பகுதி நீர் ஓடுகிற, மாவுச்சத்து தேங்குகிற வெள்ளைப்பகுதி; அதை வண்டு துளைத்து மாவாக்கும், கரையான் தின்னும். உள்ளே இருக்கும் வைரம் செத்த பகுதி. சாகும் முன் மரம் அதில் தன் கழிவுகளையும் தற்காப்பு வேதிப்பொருட்களையும் நிரப்பிவிடுகிறது. தேக்கின் புகழ் அதன் வைரத்தின் புகழ். ஆனால் தேக்கின் விலையில் ஒரு வார்டு பூங்காவைக் கட்ட முடியாது. சாரம் கட்டுகிற சவுக்கு மலிவு, ஈரத்தில் சீக்கிரம் போய்விடும். பனையின் வெளிப்புறம் கறுத்து இறுகி ஓட்டுவீடுகளின் கூரையைப் பல தலைமுறைகள் தாங்கியது. அதன் சிலாம்பு ஊசியாய் ஏறும் என்பதால் பிள்ளையின் கை படாத உத்தரமாக மட்டுமே அதை வைப்பேன்.

என் தேர்வு வேறு. ஜெர்மனியின் மரத் திடல்களைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள கோணல்மாணலான தூண்கள் நினைவிருக்கும். அவை ரோபினியா என்னும் மரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது, போன இடத்தில் கட்டுக்கடங்காமல் பரவியது, வைரம் மிக உறுதி, நேராக வளராது. தச்சர்கள் கழித்துப் போட்ட அந்தக் கோணலையே அவர்கள் அழகாக்கிவிட்டார்கள். பட்டையையும் வெள்ளைப்பகுதியையும் சீவி எடுத்துவிட்டு வைரத்தை மட்டும் நிறுத்துகிறார்கள். இந்த வருணனையை இன்னொரு முறை படியுங்கள். அவரைக் குடும்பம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, கட்டுக்கடங்காமல் பரவியது, உறுதியான வைரம், கோணல். நம்மிடம் இருக்கும் சீமைக் கருவேலம்தான் அது!

சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அகற்றியதில் பெரும்பகுதி கரி மூட்டத்துக்கும் விறகுக்கும் போகிறது. அதன் வைரம் உலரும்போது சுருங்குவது மற்ற பல மரங்களைவிடக் குறைவு. அதனால் முறுக்கிக்கொள்வதும் குறைவு. எல்லாக் கட்டையும் உதவாது. முதிர்ந்த, பருத்த அடிமரம் வேண்டும். வெள்ளைப்பகுதியை மிச்சமில்லாமல் சீவ வேண்டும். நிழலில் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். ஒரே அளவுப் பலகையை எதிர்பார்க்கும் ஒப்பந்தக்காரர் இதைத் தொடமாட்டார். ஒவ்வொரு கட்டையையும் பார்த்து இணைக்கத் தெரிந்த ஆசாரி வேண்டும். அந்தக் கோணல் தூண்களில் ஒரு பிள்ளைக்கு டைனோசரின் கழுத்து தெரியும், இன்னொன்றுக்குக் கப்பலின் பாய்மரம் தெரியும். யானை வடிவில் வார்த்த ஃபைபர் சறுக்குமரம் என்றைக்கும் யானைதான். பாதி முடித்த வடிவம்தான் பிள்ளையின் கற்பனைக்கு இடம் விடுகிறது.

இதை முதலில் திட்டமிட்டுச் செய்தவர் டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் தியோடோர் சோரென்சன். தாம் கட்டிய அழகான திடல்களைவிடக் கட்டுமான இடத்துக் குப்பையில்தான் பிள்ளைகள் மனமொன்றி விளையாடுவதை அவர் கவனித்தார். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரூப்பில் பலகை, செங்கல், கயிறு போட்டுப் பிள்ளைகளே கட்டிக்கொள்ளும் திடல் திறந்தது. நம் தெருக்களில் யாராவது வீடு கட்ட மணல் கொட்டினால் அன்று மாலையே அது கோட்டையாகவும் மலையாகவும் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே நிலையாக நிற்கும் மரத்தோடு, தூக்கி நகர்த்தக்கூடிய கட்டைகளும் திடலில் கிடக்க வேண்டும். முனை மழுக்கிய பேலட் பலகை, வழவழப்பாக்கிய கேபிள் டிரம், தென்னங்கயிறு போதும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த ஆயிரக்கணக்கான மரங்களில் பெரும்பாலானவை துண்டாக்கி அகற்றப்பட்டன. அப்படி விழுகிற தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரத்தை முழுதாக உருட்டிவந்து போட்டால் ஐந்தாறு ஆண்டுகள் குதிரையாக இருக்கும். பிறகு உளுத்து, வண்டுகளையும் காளானையும் பிள்ளைகளுக்குக் காட்டும்.

பெற்றோரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: விழுந்தால்? விழத்தான் செய்வார்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பிள்ளை மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதுதான். பேவர் பிளாக்கில் ஒரு சென்டிமீட்டரில் அடங்கினால் உடல் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 150 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். மணல் பத்து சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தால் 15 மடங்குதான். ஐரோப்பியத் தர விதிகள் விழும் உயரத்துக்கு மூன்று மீட்டர் என உச்சவரம்பு வைத்து, அதற்கு 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் களிமண் கலவாத உருண்டை மணல் கேட்கின்றன. சிதறிப்போவதற்காக மேலும் பத்து. எம்-சாண்ட் இதற்கு ஆகாது. உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, தூளும் சேர்ந்து, ஒரு மழையில் தளமாக இறுகிவிடும். ரப்பர் ஓடு விழுவதைத் தாங்கும், ஆனால் மே மாதத்தில் வெறுங்காலைச் சுடும்.

உயரத்தைவிட எனக்கு அச்சம் தருவது இடுக்கு. 89 மில்லிமீட்டருக்கு மேல், 230 மில்லிமீட்டருக்குக் கீழ் இருக்கும் எந்தச் சந்திலும் சிறு பிள்ளையின் உடல் நுழைந்துவிடும், தலை நுழையாது. காலை முதலில் விட்டு இறங்கும் பிள்ளை கழுத்தில் தொங்கிவிடும். அழகுக்காக வைக்கிற கம்பித் தடுப்புகள் பலவும் சரியாக இந்த அளவில்தான் இருக்கின்றன. ஒன்று 89 மில்லிமீட்டருக்குள் குறுக வேண்டும், அல்லது தாராளமாகத் திறக்க வேண்டும். சறுக்குமரத்தின் உச்சியில் துப்பட்டாவோ கயிறோ சிக்கக்கூடிய பிளவும் இதே வகை. நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007இல், பிள்ளைகள் தேடிப்போகும் துணிகர விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீர் நெருப்பு போன்றவை, மல்லுக்கட்டு, கண்ணில் படாமல் தொலைந்து போவது. இவை ஒவ்வொன்றிலும் பிள்ளை தன் பயத்தை அளந்து பார்க்க முடியும். ஏணியின் உயரம் அதன் கண்ணுக்குத் தெரிகிறது. இடுக்கின் அளவும் மரத்தில் ஊறிய ஆர்செனிக்கும் தெரிவதில்லை. வடிவமைப்பவர் நீக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை. முதல் வகையையும் சேர்த்து நீக்கிவிட்ட திடலில் எட்டு வயதுப் பிள்ளை பத்து நிமிடம் தாங்காது; மதில்மேல் ஏறப் போய்விடும்.

எல்லா வயதினரும் ஒரே திடலில் எப்படி? வயதுவாரியாக வேலி போட்டுப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மரத்தாலான ஒரே மேடைக்குப் பல வழிகள் வைக்கலாம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு பலகைப் பாதை இருந்தால் நடைவண்டி தள்ளும் குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அது போதும். மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டும் பிள்ளைகள் பட்டினப்பாலையிலேயே வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு பாதை நாம் இன்னும் போடவில்லை. அதே மேடையின் மறுபக்கத்துக் கயிற்றேணியின் முதல் படியைத் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால், எட்டாதவர் தாமே விலகிக்கொள்வார். தடுப்பும் அறிவிப்புப் பலகையும் தேவையில்லை. பதினைந்து வயதுக்காரர்களுக்கு ஒரு வழுக்குமரம், உறியடித் திருவிழாவில் ஏறுவதுபோல். மேடையின் ஓரம் திண்ணை உயரத்தில் நீண்டிருந்தால், அதில் குடைந்த பல்லாங்குழியின் முன்னால் ஆயா உட்காருவார்.

ஊஞ்சலோ இயல்பிலேயே எல்லோருக்கும் பொது. ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது, ஆடுபவரின் எடையைப் பொறுத்ததல்ல. இரண்டரை மீட்டர் சங்கிலி என்றால் போய்வர மூன்று விநாடிக்குச் சற்று அதிகம். பாட்டிக்கும் பேத்திக்கும் அதே மூன்று விநாடிதான். பக்கத்துப் பக்கத்து ஊஞ்சல்களில் இருவரும் ஒரே தாளத்தில் ஆடலாம். அகலமான பலகை ஊஞ்சலாக இருந்தால் சேர்ந்தே ஆடலாம்.

இனி, கட்டி முடித்த பிறகு. மரம் நாரின் நெடுக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கில்தான் சுருங்கும். பச்சை மரம் முற்றிலும் உலர்ந்தால் தேக்கே வளையத்தின் போக்கில் ஆறு சதவீதம் வரை சுருங்கும். மற்ற பல மரங்கள் இன்னும் அதிகம். கார்த்திகை ஈரத்தில் இறுக்கமாக இருந்த போல்ட் சித்திரையில் ஆடும். ஆடும் இணைப்பில் அடுத்த மழையின் நீர் இறங்கும், அங்கேதான் பூஞ்சை முதலில் குடியேறும். பூங்கா அமைக்கும் டெண்டர்களில் பராமரிப்பு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது இந்த மரத்துக்குப் போதாது. மே மாதத்தில் ஒரு தரமும், மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு தரமும் ஓர் ஆசாரி ஸ்பேனரோடு வந்து ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்க வேண்டும். எழும்பிய சிலாம்பைச் சீவ வேண்டும். காலணிகளில் கரையான் கோடு தேட வேண்டும். மணலின் ஆழத்தைக் குச்சி விட்டு அளக்க வேண்டும். அந்த இரண்டு நாள் கூலியும், ஆண்டுக்கு ஓரிரு தூண்களை மாற்றும் செலவும், கட்டுமானத் தொகையோடு சேர்த்துப் பத்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும்.